டோக்கனின் உயரம்

கொள்முதல் நிலையத்தில்
டோக்கன் வாங்கிக் காத்துக்கிடந்த ஒன்பதாம் நாள்
தார்ப்பாய்க்கு அடியிலிருந்து வந்தது.
அதனால் அந்தப் பெயர்.

காலை ஐந்தே முக்காலுக்குச் சங்கிலிச் சத்தம் கேட்டால்
கொல்லைக்கும் வாசலுக்குமாக நாலு ஓட்டம்.
கேட் திறந்திருந்தால் கோரையாற்றங்கரை வரை,
மூடியிருந்தால் கேட் வரை.
நீடாமங்கலத்தில்
நடையின் நீளத்தை ரயில்தான் முடிவு செய்யும்.

படம் எடுக்கத் தொடங்கியது ஒரு சண்டையில்.
"நீங்க எங்க கூட்டிட்டுப் போறீங்க?
டீக்கடையோட திரும்பிடுறீங்க" என்றாள் தமயந்தி.
அத்தாட்சிக்கு ஒன்று எடுத்தேன்.
மறுநாள் அவள் கேட்கவில்லை.
எடுத்தேன்.

இரண்டு வருஷத்தில் எழுநூற்றுச் சொச்சம்.
பாதிக்குமேல் வால்.
மீதியில் காது, புழுதி,
படத்தை விட்டு வெளியே போய்க்கொண்டிருக்கும் பின்னங்கால்.
உட்கார் என்றால் உட்காரும்,
போனை நீட்டினால் எழுந்து வந்து மோந்து பார்க்கும்.
மூக்கு மட்டுமே நிறைந்த படம்
பதினெட்டு இருக்கிறது.

பிறகு குனியக் கற்றுக்கொண்டேன்.
நின்றுகொண்டு எடுத்தால் அது ஒரு நாய்.
மண்டியிட்டு எடுத்தால் டோக்கன்.
கைலியெல்லாம் சேறு.
பால்கார ராசகண்ணு சைக்கிளைச் சாய்த்துவிட்டு
"மோதிரம் விழுந்துடுச்சாண்ணே?" என்று
கூடவே கொஞ்ச நேரம் தேடினார்.
இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.
நானும் தேடினேன்.

அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்று
ஒரு படத்திலும் பார்த்ததில்லை.

கார்த்திகை மழை விட்டு
இன்சூரன்ஸ் ஆள் தாஜுதீன் வந்தபோது
வயலில் தண்ணீர் இல்லை. நாற்றம் மட்டும்.
"எத்தனை நாள் நின்னுச்சு? எவ்வளவு நின்னுச்சு?
தேதியோட படம் இருக்கா?"
கலியபெருமாள் என்னைப் பார்த்தார்,
நான் தரையைப் பார்த்தேன்.
வடிகாலில் மண்வெட்டியோடு நின்றவர்களில்
எவன் போனை எடுத்தான்?

"நாய் படம்தான் சார் இருக்கு."

இருபத்து மூன்றாம் தேதி
வரப்பில் நிற்கிறது. வரப்பு தெரிகிறது.
இருபத்து நான்கு,
வரப்பு எங்கே என்று அதன் நாலு கால்தான் சொல்கிறது.
இருபத்து ஆறு, வயலுக்குள் இறங்கி,
நெஞ்சு வரை தண்ணீர்.
வாய் திறந்திருக்கிறது, சிரிப்புப் போல.
முப்பது, வயிறு நனையவில்லை.
வாலில் ஒட்டிக்கொண்டு
மஞ்சளாகச் சில சம்பா ஓலைகள்.

தாஜுதீன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.
"உயரம் என்ன?"
"எதோட, சார்?"
"நாயோட."

தையல் நாடாவோடு வந்தாள் தமயந்தி.
குளிப்பாட்டத்தான் பிடிக்கிறார்கள் என்று
கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.
ஒரு பொறை பிஸ்கட், இரண்டாவது பிஸ்கட்,
மூன்றாவதில் நின்றது.
நெஞ்சுக்குப் பதிமூன்று அங்குலம்.
படிவத்தில் 'நாய்' என்று எழுதி, யோசித்து,
அடித்துவிட்டு,
'அடையாளக் குறி' என்று எழுதினார்.

அவர் போன பிறகுதான் தமயந்தி
இருபத்து ஆறாம் தேதியை மறுபடி திறந்தாள்.
தண்ணீரில் என் நிழல்.
இடுப்பு வரை முழுகி, முட்டி போட்டு,
இரண்டு கையிலும் போனைப் பிடித்துக்கொண்டு.
"நம்ம நாலு மா முழுகிக் கெடக்கு.
நீங்க அதுல மண்டிபோட்டு
நாயைப் படம் எடுத்துக்கிட்டு இருந்தீங்களா?"

கோபமா கேள்வியா தெரியவில்லை.
சொல்லியிருக்கலாம்,
அன்றைக்கு அந்த வெளியில்
பார்க்க முடிந்த முகம் அது ஒன்றுதான் என்று.
"வெளிச்சம் நல்லா இருந்துச்சு" என்றேன்.

பணம் இன்னும் வரவில்லை.
இன்று காலை கேட் மூடியிருந்தது.
மன்னார்குடி வண்டி கடக்கும்வரை
ஒரு காலைத் தூக்கிவைத்தபடி நின்றது,
அசையாமல், பக்கவாட்டில், நல்ல வெயிலில்.
மண்டியிட்டேன்.
கேட் திறந்தது.

வால்.